ஓரகத்திகள் கலந்த மாத்திரை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. கணவாயில் வாடகைக் காரின் சக்கரம் பஞ்சராகி நின்றபோது பக்கத்து இருக்கைக்காரி சொன்னது. பெயர் சிர்கா. எங்கள் ஊர் மருத்துவமனையில் செவிலி. பல வருடப் பழக்கம். தலைநகரில் ஏதோ பயிற்சி முடித்து வெள்ளிக்கிழமை திரும்பிக்கொண்டிருந்தாள்.

ஓட்டுநர் திட்டிக்கொண்டே ஜாக்கியைத் தேடினார். சிர்கா சூரியகாந்தி விதையை உரித்துத் தின்றபடி சொன்னாள். சக்கரம் மாட்டி முடித்ததும் நிறுத்திவிட்டாள்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? இன்னும் ஆகல."

"என்ன ஆகல?"

"முடிவு. திங்கக்கெழமதான்."

"நான் எழுதட்டுமா?"

"எழுது. பேர மாத்திடு. எங்க டாக்டர மட்டும் கொஞ்சம் ஒல்லியா எழுது. பாவம், சந்தோஷப்படுவாரு."

பெயர்களை மாற்றிவிட்டேன், ஒன்றைத் தவிர. எது என்று சொல்லமாட்டேன். டாக்டர் ஒல்லி.

இன்று ஞாயிறு.

2

முதல் தொடக்கம்:

பனி விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் சிர்கா தன் கம்பளிக்

[விட்டுவிட்டேன். இங்கே பனி கொட்டுவது செய்தி இல்லை. கொட்டாவிட்டால்தான் செய்தி.]

இரண்டாவது:

மனிதகுலம் நோயை வெல்ல எடுத்துவரும் இடையறாத முயற்சிகளில்

[இதை யார் எழுதியது என்று தெரியவில்லை. என் கையெழுத்தில் இருக்கிறது.]

மூன்றாவது:

புரூல்கானும் கென்ஜெகுல்லும் ஓரகத்திகள்.

இது நிற்கட்டும். தமிழ் வாசகருக்கு இந்த ஒரு சொல் போதும். அடுப்படியும் பாத்திரமும் பேச்சுவார்த்தை நின்ற நாட்களும் தானாகக் கண்ணில் தெரியும். கிர்கிஸ் மொழியிலும் இதற்குத் தனிச்சொல் உண்டு. அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே முற்றத்தில் இரண்டு பெண்கள் இருந்தால் எந்த மொழியும் ஒரு சொல்லைச் செய்துகொள்ளும்.

3

புரூல்கானும் கென்ஜெகுல்லும் ஓரகத்திகள். மூத்தவள் புரூல்கான். ஐம்பதைத் தாண்டியவள். அகலமான முகம், அதைவிட அகலமான குரல். கென்ஜெகுல் பத்து வயது இளையவள். மெல்லப் பேசுவாள். பேசினால் தைக்கும். புருஷன்மார் வருடத்தில் பாதி ஆட்டு மந்தையோடு இருப்பார்கள். வீடு இரண்டு, முற்றம் ஒன்று, அடுப்பு ஒன்று.

நோயும் ஒன்று. மேட்டு நிலத்தில் காற்று மெலிந்தது. அங்கே சிலருக்கு நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் மெல்ல இறுகிவிடும். இதயம் முட்டி முட்டித் தள்ளிக் களைத்துப்போகும். வாளித் தண்ணீரோடு படியேறினால் புரூல்கான் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். "காத்து திருடு போச்சு" என்பாள். கோடை மேய்ச்சலுக்கு மலைமேல் போய் மூன்று வருடமாயிற்று. எங்கள் பக்கம் கோடையில் மலையேறாத பெண் பாதி விதவை மாதிரி. யாரும் சொல்லமாட்டார்கள். எல்லாரும் நினைப்பார்கள்.

சிர்காவின் அறையில் மூன்று அலமாரிகள். மூட்டுவலிக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று. மூன்றும் புது மருந்துச் சோதனைகள். மூச்சு மருந்துக்கு ஆள் தேடி அவள் அந்த வீட்டுக்குப் போனது போன இலையுதிர் காலத்தில்.

"நல்லா கேளுங்க எஜே*. பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு வெறும் மாவு. பாக்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?" என்றாள் புரூல்கான்.

"ஒரு கம்ப்யூட்டருக்கு."

"அது எந்த ஊர்ல இருக்கு?"

"தெரியாது எஜே."

"டாக்டருக்கே தெரியாம மருந்து குடுக்க டாக்டர் எதுக்கு? என் மாட்டுக்கு இத நானே செய்வேன்."

"உங்க மாட்டுக்குத் தெரிஞ்சே குடுத்தீங்க," என்றாள் கென்ஜெகுல். "ரெண்டு செத்துச்சு."

சிரித்து முடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். சோதனை முடிந்ததும் உண்மை மருந்து ஓராண்டுக்கு எல்லாருக்கும் கிடைக்கும் என்றாள் சிர்கா. ஒரு நிபந்தனை: விதிப்படி நடந்திருக்க வேண்டும். அந்த மருந்தை எங்கள் நாட்டில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆளுக்கொரு பாட்டில். ஆளுக்கொரு எண். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

ஒரே வீட்டிலிருந்து இருவரைச் சேர்க்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. விதியை எழுதியவர்கள் தூரதேசத்தவர்கள். ஒரே அடுப்பில் இரண்டு நோயாளிகள் சமைப்பார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. சிர்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் இந்த மண்ணில் பிறந்தவள். "தோணுச்சு," என்றாள் காரில். "ஆனா ஒருத்தி வரலன்னா இன்னொருத்தியும் வரமாட்டேன்னாங்க."

* நம்முடைய ‘அக்கா’. கூடப் பிறந்திருக்க வேண்டியதில்லை.

4

வசந்தத்தில் ஒரு காலை கென்ஜெகுல் மாட்டுக் கொட்டிலில் விழுந்தாள். பால் கறந்து எழுந்தவள் அப்படியே சாய்ந்தாள். நெற்றி வாளி விளிம்பில் பட்டது. தையல் போட்டார்கள். ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் குறைவுதான். இவ்வளவு இல்லை.

சோதனையில் இருப்பவர் விழுந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மீதி மாத்திரையை எண்ண வேண்டும். சிர்கா போனாள்.

விரிப்பு விரித்திருந்தது. ரொட்டி, பாலேடு, பழப்பாகு, சூடான தேநீர். கென்ஜெகுல் நெற்றிக் கட்டோடு பறிமாறினாள்.

[‘பரிமாறினாள்’. அவசரத்தில் எழுதுகிறேன்.]

"மொதல்ல சாப்பிடு," என்றாள் புரூல்கான். "வெறும் வயித்துல கணக்குப் பாக்காத."

சிர்கா சாப்பிட்டாள். பிறகு பாட்டில்களைக் கேட்டாள். புரூல்கான் கையை நீட்டி விரிப்பின் நடுவிலிருந்த மூடிபோட்ட சர்க்கரைக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள். மூடியைத் திறந்தாள் சிர்கா. மாத்திரைகள். கிண்ணம் பாதி.

"எஜே, இது என்ன?"

"உன் மருந்துதான். எண்ண வந்தே இல்ல? எண்ணு."

"யாரோடது?"

"எங்களோடது."

"பாட்டில் எங்க?"

"ஒண்ணுல மொளகாத்தூள். ஒண்ணுல உப்பு. நல்லா கழுவிட்டுத்தான் போட்டேன். அந்த நம்பர் ஒட்டுனது மட்டும் போகவே இல்ல. நல்ல பசை."

சிர்கா கென்ஜெகுல்லைப் பார்த்தாள். கென்ஜெகுல் தேநீரைப் பார்த்தாள்.

"எப்ப கலந்தீங்க?"

"கன்னுக்குட்டி பொறந்தப்ப."

"இதுலேர்ந்து ரெண்டு பேரும் எடுக்குறீங்களா?"

"பின்ன? காலையில அவ ஒண்ணு எடுத்து எனக்குத் தருவா. நான் ஒண்ணு எடுத்து அவளுக்குத் தருவேன். பாக்காம எடுப்போம். நீ சொன்ன மாதிரியே, யாருக்கும் தெரியாது."

"நான் அப்படிச் சொல்லல எஜே!"

"சொன்னே. பாதி நிஜம், பாதி பொய்ன்னு. ஒரே வீட்ல ஒருத்திக்கு நிஜம், ஒருத்திக்குப் பொய்ன்னா ரொட்டி எப்படித் தொண்டையில எறங்கும்?"

"ரெண்டு பேருக்குமே நிஜமா இருந்திருக்கலாம். ரெண்டு பேருக்குமே பொய்யாக்கூட இருந்திருக்கலாம்."

"அப்ப கலந்ததுல என்ன கெட்டுப்போச்சு?"

இந்தக் கேள்விக்குப் பயிற்சியில் பதில் சொல்லித் தரவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். வாசலோடு திரும்புகிறவர்கூட ஒரு துண்டு ரொட்டியைக் கிள்ளி வாயில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ‘வாய் வை’ என்பார்கள். தனக்கு என்று எடுத்து வைத்துத் தனியாகத் தின்பவனை ஊர் மன்னிக்காது. நல்ல வழக்கம். இதைப் பற்றி நான் முன்பொரு கட்டுரை எழுதியிருக்கிறேன். மாத்திரையை அப்போது நினைக்கவில்லை.

சிர்கா கிண்ணத்திலிருந்ததை ஒரு பையில் கொட்டிக்கொண்டாள்.

"இனிமே எதையும் எடுக்காதீங்க. ரெண்டு பேரும்."

"திட்டுவாங்களா ஒன்ன?" என்றாள் கென்ஜெகுல். அன்று அவள் பேசியது அவ்வளவுதான்.

5

புரூல்கான் எனக்குப் பிடிபடவில்லை.

அவள் எதற்காகக் கலந்தாள்? அன்பினால் என்று எழுதிப் பார்த்தேன். மூத்தவள் இளையவளின் தோளைத் தொடுகிறாள். "உனக்கில்லாத உயிர் எனக்கு எதுக்கு?" என்கிறாள்.

[அடித்துவிட்டேன். புரூல்கான் அப்படிப் பேசமாட்டாள். யாரும் பேசமாட்டார்கள்.]

சந்தேகத்தினால் என்று எழுதிப் பார்த்தேன். இது ஓடியது.

புதுக் கன்று தறிகெட்டு மேட்டில் ஏறியது. கென்ஜெகுல் பின்னாலேயே ஏறிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நடுவில் நிற்கவில்லை. புரூல்கான் வேலிப் படலைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு நிஜம் விழுந்திருக்கு."

"என்ன விழுந்திருக்கு?"

"மாத்திர. நான் அந்த மேட்டுல மூணு எடத்துல உக்காருவேன். நீ கன்னுக்குட்டிக்கு முன்னாடி ஓடுற."

"நான் சின்னவ எஜே."

"போன வருஷமும் நீ சின்னவதான். அப்ப ஓடல."

கென்ஜெகுல் கன்றைக் கட்டினாள். உள்ளே போனாள். தன் பாட்டிலைக் கொண்டுவந்து புரூல்கானின் கையில் வைத்தாள்.

"மாத்திக்குங்க. உங்களோடத எனக்குக் குடுங்க."

புரூல்கான் பாட்டிலைக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். சத்தத்தில் என்ன தெரியும்?

"மாத்திக்கிட்டு? நீ படியில உக்காந்து மூச்சு வாங்குவே, நான் ஓடணுமா? ஊர் என்ன சொல்லும்?"

"ஊருக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

சர்க்கரைக் கிண்ணத்தைக் காலி செய்து மாத்திரைகளை அதில் கொட்டியது யார் என்பது தெரியவில்லை. இருவரும் தான்தான் என்கிறார்கள்.

எழுதியதை நேற்று சிர்காவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அன்பா சந்தேகமா, எதை வைத்துக்கொள்வது என்று கேட்டேன்.

"ரெண்டையும் வச்சுக்கோயேன். ஓரகத்திங்கதானே? ஒண்ணு மட்டும் இருந்தா நாங்க நம்பமாட்டோம்."

6

இந்தப் பகுதியில் வாசகரின் பொறுமையைக் கேட்கிறேன். கதைக்குள் ஒரு சின்னக் கணக்கு வருகிறது. எண் கிடையாது.

கென்ஜெகுல் விழுந்த செய்தி சோதனைக்காரர்களுக்குப் போய்விட்டது. அவர்களிடம் அவள் ஒரு எண். முடிவில் கம்ப்யூட்டர் திறக்கும். அந்த எண்ணுக்கு நேரே மருந்து என்றோ மாவு என்றோ வரும்.

மாவு என்று வந்தால்? மருந்தே சாப்பிடாத பெண் மயங்கி விழுந்தாள், ஆகவே மயக்கத்துக்கு மருந்து காரணமில்லை என்று ஆகும். ஆனால் அவள் மாதக்கணக்கில் கிண்ணத்திலிருந்து எடுத்திருக்கிறாள். மருந்தும் அவள் வயிற்றுக்குள் போயிருக்கலாம். கிண்ணம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சிர்காவுக்கு மட்டும் தெரியும்.

டாக்டர் ஒமுர்பெக் நல்ல மனிதர். (ஒல்லி.) சிர்கா கிராமத்திலிருந்து திரும்பியதும் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"வீட்ல எப்படி இருக்கா?"

"தையல் ஆறிடுச்சு."

"அவ மாவுப் பக்கம் இருந்தா நமக்கு நல்லது. மருந்து மேல பழி வராது. இந்த மருந்து தேறணும் சிர்கா. மலைமேல எத்தன பேரு மூச்சு முட்டிச் சாகுறாங்க, நாம பாக்கலயா?"

"பாத்திருக்கோம்."

"வேற எதுவும்?"

சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். டாக்டருக்கு வேறு வழியில்லை. விதிமீறல் என்று எழுதி இருவரையும் நீக்க வேண்டியதுதான். ஓராண்டு மருந்து போய்விடும். இரண்டு பேருக்கும். ஒருத்திக்கு மலை. இன்னொருத்திக்கு, மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தால், அளவைக் குறைத்தாவது தரும் வாய்ப்பு.

"ரொட்டி நல்லா இருந்துச்சு," என்றாள் சிர்கா.

"அந்த அம்மா ரொட்டி எப்பவும் நல்லா இருக்கும்," என்று டாக்டர் போய்விட்டார்.

[எழுதுவது நான். நினைத்தால் இங்கேயே கம்ப்யூட்டரைத் திறந்துவிடலாம். ஒரு வரி போதும்: கென்ஜெகுல்லின் பாட்டிலில் இருந்தது           . வெற்றிடத்தின் மீது பேனாவை வைத்தேன். எடுத்துவிட்டேன். சிர்காவுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தால் அவள் பக்கத்தில் என்னால் உட்கார முடியாது. உங்களாலும்.]

7

முடிவுகள்.

அ. சிர்கா கிண்ணத்தைப் பற்றி எழுதிவிடுகிறாள். இருவரும் நீக்கப்படுகிறார்கள். கோடையில் மந்தை மலையேறுகிறது. புரூல்கான் வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு தூசி அடங்கும்வரை நிற்கிறாள். சிர்கா நேர்மையானவள் என்று வாசகர் சொல்கிறார். மறுநாள் சந்தையில் புரூல்கான் சிர்காவைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்

[இந்த இடத்தில் சிர்கா போனில் குறுக்கிட்டாள். "அவங்க திருப்பமாட்டாங்க. கூப்பிட்டு டீ குடுப்பாங்க. அதத்தான் என்னால தாங்க முடியாது."]

ஆ. சிர்கா எழுதவில்லை. பையிலிருந்ததை எண்ணி இரண்டாகப் பிரித்து இரண்டு எண்ணில் போட்டுவிடுகிறாள். இருவருக்கும் மருந்து கிடைக்கிறது. புரூல்கான் மலையேறுகிறாள், கதிரவன், குதிரைப்பால், எல்லாம். மருந்து கடைகளுக்கு வருகிறது. மயக்கம் வரும் என்று அதன் தாளில் இல்லை. ஏதோ ஒரு தேசத்தில், ரத்த அழுத்தம் குறைந்த ஒருத்தி, ஏதோ ஒரு கொட்டிலில் பால் கறந்து எழுந்திருக்கிறாள். அவளுக்கு ஓரகத்தி இல்லை. ஓடிவர ஆள் இல்லை.

[அவளுக்குப் பெயர் வைக்கப் பார்த்தேன். முடியவில்லை. பெயர் வைத்தால் அவளும் இந்தக் கதைக்குள் வந்துவிடுவாள். பிறகு அவளையும் கேட்க வேண்டியிருக்கும்.]

இ. இது பாதி நடந்ததே. சிர்கா கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுப் போன மறுநாள் இருவரும் தனித்தனியாக அவளைப் போனில் கூப்பிட்டார்கள். முதலில் புரூல்கான்.

"நான்தான் கொட்டினேன். அவ சின்னவ, சொன்னதக் கேட்டா. என் பேர அடிச்சிடு. அவள விட்டுடு."

பிறகு கென்ஜெகுல். மாட்டுக் கொட்டிலிலிருந்து பேசினாள். பின்னால் கன்று கத்தியது.

"நான்தான் பாட்டில எடுத்துட்டு வந்தேன். அவங்க மலைமேல போகணும். மூணு வருஷமாச்சு. என்ன நீக்கிடுங்க. அவங்ககிட்ட சொல்லாதீங்க, சண்ட போடுவாங்க."

இங்கே என் கை பரபரத்தது. ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுக்கிறார்கள். இதைக் கொஞ்சம் நீட்டினால் வாசகர் அழுவார். அழுத வாசகர் கேள்வி கேட்கமாட்டார். சிர்கா இருவரில் ஒருத்தியை நம்புவது போல நடித்து

"நடிச்சு?" என்றாள் சிர்கா.

"ஒருத்தியையாவது காப்பாத்தலாம் இல்லயா?"

"எந்த ஒருத்திய? கலந்தது கலந்ததுதான். ரெண்டு வயித்துலயும் ரெண்டும் போயிருக்கு. அவங்க நல்லவங்கன்னு மாத்திரைக்குத் தெரியாது."

அவள் வீட்டில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது.

"நீ என்ன செய்வே?" என்று கேட்டாள்.

நான் எழுதுகிறேன் என்றேன். அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

8

நாளை திங்கள். கடைசி வருகை. நாளை நடப்பதை இன்றே எழுதுகிறேன்.

மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரம். இரண்டு முனையிலும் இரண்டு ஆரஞ்சு நிறக் கூம்புகள். ஆறு நிமிடம் நடக்க வேண்டும். ஒரு கூம்பைச் சுற்றி மறு கூம்புக்கு, மறு கூம்பைச் சுற்றி இதற்கு. எவ்வளவு தூரம் நடந்தார் என்று அளப்பார்கள். மருந்து மூச்சைத் திருப்பித் தந்ததா என்பதை உலகம் இப்படித்தான் தெரிந்துகொள்கிறது.

செவிலிக்கு ஒரு விதி. நடக்கிறவரிடம் அவள் தன் சொந்த வார்த்தை எதுவும் பேசக் கூடாது. ஒரு ‘பலே’ கூடாது. புன்னகைகூடக் கூடாது. ஒவ்வொரு நிமிடமும் எழுதிக் கொடுத்த வாக்கியத்தை ஒரே குரலில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

பெஞ்சில் கென்ஜெகுல் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்தது அவள் முறை. நெற்றியில் வடு சிவப்பாக இருக்கிறது. சிர்கா கடிகாரத்தை அழுத்துகிறாள். புரூல்கான் நடக்கத் தொடங்குகிறாள். புதுத் தலைக்குட்டை கட்டி வந்திருக்கிறாள்.

"எழுதிட்டியா?" என்கிறாள் முதல் கூம்பைச் சுற்றும்போது.

சிர்கா கடிகாரத்தைப் பார்க்கிறாள். முதல் நிமிடம் முடிகிறது.

"நல்லா நடக்குறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

"அதக் கேக்கல."

போகிறாள். தாழ்வாரத்தின் மறுமுனையிலிருந்து குரல் வருகிறது. அகலமான குரல்.

"வேகமா நடக்கவா, மெதுவா நடக்கவா? வேகமா நடந்தா மருந்துக்கு நல்ல பேரு. மெதுவா நடந்தா கெட்ட பேரு. எது வேணும் உனக்கு?"

"நல்லா நடக்குறீங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

"கென்ஜெ, இவளுக்கு என்ன ஆச்சு? கிளிப்பிள்ள மாதிரி பேசுறா."

"நடக்குறப்ப பேசக் கூடாதாம் எஜே," என்கிறாள் கென்ஜெகுல். "உங்களுக்குத்தான் அந்த விதி இல்ல. இருந்தா நல்லாருக்கும்."

"வாய மூடு. உன் முறை வரும், அப்ப பாத்துக்கறேன்."

சிர்கா சிரிக்கவில்லை. உதட்டை உள்ளே கடித்துக்கொள்கிறாள்.

"நல்லா நடக்குறீங்க. பாதி முடிஞ்சுது."

புரூல்கான் இந்தப் பக்கக் கூம்புக்கு வருகிறாள். மூச்சு ஏறுகிறது. குரலைத் தாழ்த்துகிறாள். கென்ஜெகுல்லுக்குக் கேட்கக் கூடாது என்று.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னிக்கு இவ விழுந்தா பாரு. அது இந்த மாத்திரையாலதானா?"

சிர்காவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லக் கூடாது. புரூல்கான் திரும்பி நடக்கிறாள். போய்த் திரும்பி வருகிறாள். நடை தளர்ந்திருக்கிறது. நிற்கவில்லை.

"நல்லா நடக்குறீங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

"நான் பக்கத்துல இருந்தேன். கத்துனேன். தூக்குனேன். யாரும் இல்லாத வீட்ல ஒருத்தி விழுந்தா?" மூச்சு. "அப்படி எங்கயாச்சும் விழுவாளா?"

சிர்கா அவள் முகத்தைப் பார்க்கிறாள். பார்க்கக் கூடாது என்று விதியில் இல்லை.

"விழுவான்னா எழுது," என்கிறாள் புரூல்கான். இரண்டு அடி. "ஆனா இவளுக்கு மருந்து?" இரண்டு அடி. "எனக்கு?"

"நல்லா நடக்குறீங்க. இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு."

இந்த வாக்கியத்தைச் சிர்கா ஒரே குரலில் சொன்னாள் என்று எழுதினேன். இல்லை. சொல்லும்போது குரல் உடைந்தது என்று எழுதினேன். அதுவும் இல்லை. எப்படிச் சொன்னாள் என்பதை விட்டுவிடுகிறேன்.

புரூல்கான் இப்போது பேசவில்லை. பேச மூச்சு இல்லை. ஒரு கையால் சுவரைத் தொடாமல் தொட்டுக்கொண்டு நடக்கிறாள். கென்ஜெகுல் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

நேரம் முடிந்ததும் செவிலி சொல்ல வேண்டியது ஒரே சொல்: ‘நில்லுங்க.’ நின்ற இடத்தில் தரையில் ஒரு ஒட்டுத்துண்டு ஒட்டுவார்கள். தூரத்தை அளப்பார்கள். பிறகு சிர்கா பேனாவை எடுப்பாள். கிண்ணத்தைப் பற்றி எழுதுவாள், அல்லது எழுதமாட்டாள். மூன்றாவது வழி ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு நாளாகத் தேடிவிட்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

அந்தச் சொல்லை நான் சொல்லப்போவதில்லை. சிர்காவும் என் கதையில் அதைச் சொல்லமாட்டாள். நீங்கள் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னதும் பேனாவும் உங்கள் கைக்கு வந்துவிடும்.

அதுவரை புரூல்கான் நடந்துகொண்டிருப்பாள். ரொம்ப யோசிக்காதீர்கள். அவளுக்கு மூச்சு வாங்குகிறது.